கிணற்றில் பங்கு, வண்டியில் பங்கு: திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்கள் தலையெடுத்த கதை

நீங்கள் கேட்டது இதுதான்: திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல், ராசிபுரம், பள்ளிபாளையம் எல்லாம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிற பக்கத்துப் பக்கத்து ஊர்கள். மண்ணும் பேச்சும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருக்க ஒரு பக்கம் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டி, ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் கோழி, ஒரு பக்கம் ஜவ்வரிசி, ஒரு பக்கம் தறி என்று எப்படிப் பிரிந்தன? அதைவிட, மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மேட்டுக்காட்டு ஊர்கள் காவிரிக்கரை ஊர்களைப் பணத்தில் எப்படி முந்தின?

இதற்கு வழக்கமாக ஒரே வரியில் பதில் சொல்வார்கள், "கொங்குக்காரன் உழைப்பாளி" என்று. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதில் ஒன்றும் விளங்காது. ராமநாதபுரத்துக்காரர் என்ன உழைக்காமலா இருக்கிறார்? வறட்சிதான் இவர்களைத் துரத்தியது என்பது இன்னொரு பதில். அதுவும் பாதிதான், ஏனென்றால் வறண்ட தாலுகாக்கள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு, அங்கெல்லாம் லாரி நிற்கவில்லை. என் கணக்கில் கதை கிணற்றில்தான் தொடங்குகிறது.

முதலில் பழைய நிலைமை. இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது, நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல். வருடத்துக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதுவும் சில வருடம் ஏமாற்றிவிடும். 1876-78 தாது வருடப் பஞ்சம் சேலம் ஜில்லாவைப் போட்டுப் புரட்டியது. 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களுக்கு ராட்டை கொடுத்து நூற்கச் சொன்னதற்குக் கொள்கை மட்டும் காரணம் இல்லை, மழை பொய்த்துக் காட்டில் வேலை இல்லாமல் போனதும் ஒரு காரணம்.  

இந்த ஊர்களில் நிலத்தைச் சொல்லும் சொற்களைக் கவனியுங்கள். 'காடு' என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மழையை நம்பிச் சோளமும் கம்பும் கடலையும் ஆமணக்கும் போடுகிற நிலம். 'தோட்டம்' என்றால் கிணறு உள்ள நிலம். 'வயல்' என்றால் வாய்க்கால் தண்ணீர் பாய்கிற நெல் நிலம், அது ஆற்றோரத்துக்காரருக்கு. ஒருவர் காட்டைத் தோட்டமாக்கினால் ஒரு படி ஏறிவிட்டார் என்று அர்த்தம். அந்தப் படிக்குப் பெயர் கிணறு.

அந்தக் கிணற்றைத் தோண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. நாலடி, ஐந்தடி மண்ணுக்குக் கீழே பாறை. கல் உடைப்பதையே தொழிலாகக் கொண்ட போயர்கள் உளி வைத்துத் துளை போட்டு, வெடி வைத்து, கல்லை மேலே ஏற்றி, வருடக் கணக்கில் வேலை நடக்கும். தண்ணீர் வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. கடன் வாங்கித்தான் தோண்டுவார்கள். ஒரு வீட்டால் முடியாது, பங்காளிகள் சேர்ந்து தோண்டுவார்கள், தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இந்தப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் படித்துப் பாருங்கள், "கிணற்றில் நாலில் ஒரு பங்கும், மேற்படி கிணற்றுக்குப் போகவர வண்டித்தட உரிமையும்" என்கிற மாதிரி ஒரு வரி கட்டாயம் இருக்கும். திங்கள், செவ்வாய் ஒருவர் முறை, புதன், வியாழன் இன்னொருவர் முறை என்று கவலை ஓட்டி, அதாவது ஏற்றத்தில் காளைகளைப் பூட்டி, தோல்பறியில் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். சண்டையும் உண்டு, வெட்டுக்குத்தும் உண்டு. ஆனாலும் இரண்டு மூன்று தலைமுறை இப்படி ஓடியதில் மூன்று பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது: நிச்சயமில்லாத ஒன்றுக்குக் கடன் வாங்குவது, நாலு பேர் சேர்ந்து பங்கு போடுவது, பாறையைக் கண்டு பயப்படாமல் இருப்பது. பின்னாளில் ரிக் வண்டி வாங்க இந்த மூன்றுமே தேவைப்பட்டன.

1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. தண்ணீர் நேராகத் தஞ்சாவூருக்குப் போயிற்று, அணைக்குப் பக்கத்திலேயே இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் பிறகுதான் வந்தன, அவையும் இரண்டு கரையும் சேர்த்துச் சுமார் 45,000 ஏக்கருக்குத்தான். ஆனால் மேட்டூர் வேறு ஒன்றைக் கொடுத்தது, கரண்ட். சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்குக் கம்பி இழுத்ததும் கவலை போய் மோட்டார் வந்தது. காளையால் முடியாத ஆழத்துக்கு மோட்டாரால் முடிந்தது, அதனால் கிணறும் கீழே போயிற்று. கிணற்றுக்கு உள்ளே பக்கவாட்டில் 'சைடு போர்' போட்டார்கள். தண்ணீர் இன்னும் கீழே போயிற்று. இந்த ஓட்டப்பந்தயம் இன்னும் முடியவில்லை.

இப்போது சங்ககிரி. தீரன் சின்னமலையை வெள்ளைக்காரர்கள் 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை இருக்கிற ஊர், அதைத் தாண்டி வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. சுற்றிச் சுண்ணாம்புக்கல் கிடந்தது. 1963-ல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இங்கே வந்தது. ஆலைக்குள் வேலை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர், ஆனால் சிமெண்ட் மூட்டை வெளியே போக வேண்டுமே? லாரி வேண்டும். சேலம்–கோவை சாலை வாசலிலேயே இருந்தது. முதலில் யாரோ ஒருவர் வண்டி வாங்கினார், நாலு மாதம் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வாங்கினார். அவர் வாங்கினதைப் பார்த்து அவர் மச்சான். இந்த 'பார்த்து வாங்கும்' குணத்தைச் சிலர் பொறாமை என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பொறாமைதான் இந்த வட்டாரத்தின் தொழிற்கல்வி.

நாமக்கல்லுக்கும் அதே மாதிரி ஒரு சாலை அமைந்தது, காசியிலிருந்து கன்னியாகுமரி போகும் பழைய தேசிய நெடுஞ்சாலை 7. வண்டி ஓட வேண்டும் என்றால் பாடி கட்ட வேண்டும். கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக, ஓட்டுகிறவருக்கு ஒரு கேபின்கூட இல்லாமல் வரும் வண்டிக்கு மரத்தில், இரும்பில் பாடி கட்டும் பட்டறைகள் பெருகின. தச்சர், வெல்டர், பெயின்டர், தார்ப்பாய்க்காரர், டயருக்கு ரீட்ரெட் போடுகிறவர், டியூ (கடன் தவணை) வாங்குகிற பைனான்ஸ்காரர் என்று ஒரு லாரிக்குப் பின்னால் ஒரு தெருவே பிழைத்தது. பிறகு சமையல் கேஸ் ஏற்றும் டேங்கர் லாரிகளில் நாமக்கல்காரர்கள் இறங்கினார்கள். தென்மாநிலங்களில் கேஸ் டேங்கர் ஸ்டிரைக் என்று செய்தி வந்தால் பேட்டி கொடுப்பவர் நாமக்கல்லில்தான் இருப்பார். நாக்பூர் பக்கம் தாபாவில் நின்றால் டி.என். 28, டி.என். 34, டி.என். 52 நம்பர் பிளேட்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். மூன்றும் முறையே நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிதான்.

சரி, ரிக்குக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1960களின் கடைசியில் வட இந்தியாவில் பெரிய வறட்சி வந்தபோது, கடும் பாறையைக் காற்றழுத்தத்தில் துளைக்கும் இயந்திரங்களை யுனிசெஃப் கொண்டுவந்தது. அதன் பிறகு அரசாங்கத் துறைகளிடமும், அப்புறம் தனியாரிடமும் அந்த வகை ரிக்குகள் வந்தன. வேலை நடக்கும் விதம் எளிது: கம்ப்ரசர் காற்றை ராடு வழியாகக் கீழே தள்ளும், அடியில் ஹேமர் தட்டும், அதன் முனையில் இருக்கும் பிட் பாறையை மாவாக்கும், அந்த மாவைக் காற்றே மேலே ஊதிவிடும். மேல் மண் சரியாமல் இருக்கப் பாறை தொடும் வரை கேசிங் பைப். வருடக்கணக்கில் தோண்டின கிணற்றை ஒரே ராத்திரியில் தோண்டிவிடலாம்.

ஒருமுறையாவது போர் போடுவதைக் கிட்ட நின்று பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் சாயங்காலம்தான் வண்டி வந்து சேரும், ரிக் ஒன்று, ராடும் டீசலும் ஏற்றின துணை வண்டி ஒன்று. அதற்கு முன்பே ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடந்து, தேங்காய் நிமிர்ந்த இடத்தில் கல் வைத்திருப்பார். கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வெட்டி, எஞ்சினைப் போட்டால் பேசுவது காதில் விழாது. முதலில் செம்மண் புழுதி, அப்புறம் சாம்பல் நிறத்தில் மாவு, இருநூறு அடி, முந்நூறு அடி என்று போகப்போக எல்லோர் தலையும் நரைத்துவிடும். குறிப்பிட்ட அடிக்கு ஒரு ரேட், அதற்குக் கீழே ஒவ்வொரு நூறடிக்கும் ரேட் ஏறும். அதனால் தோட்டத்துக்காரர் ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே நிற்பார், நிறுத்தச் சொல்லவும் வாய் வராது, ஏனென்றால் இன்னும் பத்தடியில் தண்ணீர் இருந்துவிட்டால்? மாவு ஈரமாகி, உருண்டையாக வந்து, திடீரென்று சேறும் தண்ணீரும் பீச்சியடித்தால் அந்த வீட்டுப் பெண்கள் அழுவதைப் பார்க்கலாம். வராமல் போனாலும் அழுவதைப் பார்க்கலாம். ரிக்குக்காரருக்கு இரண்டுக்கும் ஒரே கூலி.

இந்த இயந்திரம் திருச்செங்கோட்டுக்காரர் கையில் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குத்தான் முன்னே கிணற்றுக் கதையைச் சொன்னேன். பாறையும் கிணறும் பழகின விஷயம், லாரி ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் பக்கத்திலேயே ஆள் இருந்தார்கள், பணம் மட்டும்தான் பெரிய தொகை. ஒருவரால் முடியாது. ஒருவர் காட்டை அடமானம் வைத்தார், ஒருவர் வீட்டுக்காரி நகையை வைத்தார், ஒருவர் ஏலச்சீட்டை எடுத்தார், ஒருவர் பணம் போடாமல் வண்டியோடு போகிறேன் என்று வேலையைப் பங்காகப் போட்டார். நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. கிணற்றில் இருந்த அதே கணக்கு. மாமன், மச்சான், சம்பந்தி என்று உறவுக்குள்ளேயே ஓடியதால் எழுத்துப் பத்திரம் குறைவு, ஏமாற்றினால் கல்யாண வீட்டில் முகம் காட்ட முடியாது என்பதே பத்திரம். இப்படித்தான் இந்த வண்டிகள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் வரை போயின. அங்கே உள்ளூர் ஏஜென்ட் ஒருவர் போர் பிடித்துக் கொடுப்பார், அவருக்குக் கமிஷன். இந்தி தெரியாமல் போனவர்கள் இரண்டு வருடத்தில் இந்தியில் சண்டை போடக் கற்றுக்கொண்டு வந்தார்கள். பிற்பாடு ரிக் கட்டும் பட்டறைகளே திருச்செங்கோட்டில் வந்து, ஆப்பிரிக்க நாடுகளுக்கும் வண்டி போகிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு. நாடெங்கும் நல்ல மழை பெய்தால் திருச்செங்கோட்டில் பணம் புரளாது. மழைக்காலத்தில் வண்டிகள் ஊருக்குத் திரும்பி வரிசையாகப் படுத்துக் கிடக்கும், டியூ மட்டும் படுக்காது. மழைக்காக மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற வீட்டிலேயே ராஜஸ்தானில் மழை தள்ளிப்போனால் நல்லது என்றும் ஒரு நினைப்பு ஓடும். பாவம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கோழியும் இந்த வலையில் ஒரு கண்ணிதான். முட்டைக்கோழிக்கு ஈரக்காற்று ஆகாது, வறண்ட மேட்டுக்காடு நன்றாக ஒத்துக்கொள்ளும். ஒன்றும் விளையாத நிலத்தில் கொட்டகை போட்டுவிடலாம். தீவனத்துக்கு மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்து வர வேண்டும், சரி, லாரி யாரிடம் இருக்கிறது? ரிட்டர்ன் லோடு இல்லாமல் காலியாக வரும் வண்டிக்குச் சோளம் கிடைத்தது, கோழிக்காரருக்கு வாடகை குறைந்தது. தண்ணீருக்கு போர், அதற்கு ரிக் உள்ளூர். 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்தது, 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. அரசாங்கத்தின் பங்கு இல்லை என்று சொல்பவர்கள் சத்துணவை மறந்துவிடுகிறார்கள். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி 2010-ல் வாரத்துக்கு ஐந்து முட்டை என்று ஆனபோது, ஸ்டிரைக் வந்தாலும் நிற்காத ஒரு வாடிக்கையாளர் பண்ணைகளுக்குக் கிடைத்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இன்று நாமக்கல் மண்டலத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 5 கோடி முட்டை.

ஆனால் பண்ணைக்காரரிடம் 'மைனஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார். குழு அறிவிக்கிற விலை ஒன்று, வியாபாரி அதிலிருந்து முட்டைக்கு இத்தனை பைசா கழித்துத்தான் எடுப்பார், அந்தக் கழிவுக்குப் பெயர் மைனஸ். தேங்கினால் மைனஸ் கூடும். 2006-ல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் வந்தது, இங்கே ஒரு கோழிக்கும் சளி பிடிக்கவில்லை, முட்டை விலை மட்டும் விழுந்து எழ நாளாயிற்று.

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு. மற்ற ஊரில் மரவள்ளி என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் மலேயா பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனது, அந்த இடைவெளியில் சேலத்தில் கிழங்கை அரைத்து மாவெடுத்துச் செய்யத் தொடங்கினார்கள். 1981-ல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பு வந்து விற்பனையை ஒழுங்குபடுத்தியது. அரைத்தபின் மிஞ்சும் திப்பி மாட்டுக்குப் போகும், கோழி எரு கிழங்குக் காட்டுக்கு வரும். யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்யவில்லை, பக்கத்தில் இருந்ததால் அமைந்தது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் வேறு ரகம். காவிரிக்கரைதான், ஆனால் பிழைப்பு தறியில். செங்குந்தரும் தேவாங்கரும் கைத்தறியில் தொடங்கி, விசைத்தறிக்கு மாறி, லுங்கியும் துண்டும் நெய்து நாடு முழுக்க அனுப்பினார்கள். இந்த வளர்ச்சிக் கதையின் கறுப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கேதான் பார்க்க வேண்டும். தறி ஓட்டுபவர் சேரும்போதே முதலாளியிடம் முன்பணம் வாங்குவார், அந்தக் கடன் அடையாமல் தறியை விட்டு நகர முடியாது, புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் ஷிப்ட் மாற்றி ஓட்டுவார்கள். கடனை அடைக்கக் கிட்னியை விற்றவர்கள் இருக்கிற ஊர் என்று பள்ளிபாளையத்தின் பெயர் பல வருடமாக அடிபடுகிறது, 2025-லும் அது பெரிய செய்தியாகி அரசு விசாரணை வரை போயிற்று. ஒரே வட்டாரத்தில் ஒருவர் நகையை வைத்து ரிக்கில் பங்கு வாங்கினார், ஒருவர் சிறுநீரகத்தை விற்று வட்டி கட்டினார் என்றால், இடையில் இருந்த வித்தியாசம் அடமானம் வைக்க ஒரு துண்டுக் காடாவது இருந்ததா இல்லையா என்பதுதான். காடு யாரிடம் இருந்தது என்பது சாதிக் கணக்கு. பெரும்பாலும் கவுண்டர்களிடம் இருந்தது. பண்ணையத்தில் வேலை செய்த அருந்ததியர்களில் பலர் லாரியில் கிளீனராக, பட்டறையில் உதவியாளாக, பண்ணையில் முட்டை பொறுக்குபவராகச் சேர்ந்தார்கள். டிரைவராகி, சொந்த வண்டி வாங்கினவர்களும் இருக்கிறார்கள், எண்ணிக்கை குறைவு. "உழைப்பாளி" என்கிற ஒற்றை வரி மறைப்பது இதைத்தான்.

பள்ளிக்கூடங்களையும் விடக் கூடாது. லாரியிலும் கோழியிலும் வந்த பணம் 1990களுக்குப் பிறகு விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளிகளில் இறங்கியது. அதிலும் பங்குதான், பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பள்ளி. தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், ப்ளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள், கோழிப்பண்ணைப் பள்ளி என்று கேலியும் வாங்கினார்கள். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தி, நீட் கட்டாயமாகி, அடுத்த வருடத்திலேயே ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்ததும் அந்த மவுசு குறைந்தது.

இன்றைய நிலை? ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினதால் வளர்ந்த ஊர்கள், அதே காரணத்தால் திணறுகின்றன. எல்லோரிடமும் வண்டி, லோடு அதே அளவு. 2018-ல் லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியபோது பத்து வண்டி இழுத்ததை எட்டு வண்டி இழுத்தது, மீதி இரண்டு நின்றது. டிரைவர் கிடைப்பதில்லை, டிரைவர் மகன் இன்ஜினியர். ரிக்கில் ராடு மாற்றுகிற பையன்கள் ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வருகிறார்கள். ஊரின் நிலத்தடி நீர் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்டது, நாட்டுக்கெல்லாம் போர் போட்டவர் தோட்டத்தில் லாரித் தண்ணீர் இறங்குகிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி, ஆற்றோரத்துக்காரர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்பது. பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம், மோகனூர்ப் பக்கம் ராஜவாய்க்கால் தண்ணீரில் வெற்றிலை, வாழை, கரும்பு. வருடா வருடம் ஏதோ ஒன்று கைக்கு வந்துகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கி லாரி வாங்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? வெல்லம் காய்ச்சினார்கள், வெற்றிலை கிள்ளினார்கள், மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டினார்கள். பணத்தில் பின்தங்கினது உண்மை. ஆனால் நாலு ரிக் வைத்திருக்கிற திருச்செங்கோட்டுக்காரர் கையில் கொஞ்சம் மிச்சம் பிடித்ததும் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பரமத்தி வேலூர்ப் பக்கம் போய், வாய்க்கால் பாய்கிற வயல் இரண்டு ஏக்கர் விலைக்கு வருமா என்று விசாரிக்கிறார்.